யோர்தான் கரையில் எழும் கேள்விகள்: தேவனை நம்பி அடுத்த அடியை எடுத்து வைப்பது பற்றி

யோர்தானைக் கடந்த நிகழ்ச்சியைச் சொல்லும் யோசுவா 3, 4 ஆம் அதிகாரங்களை எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் ஆறு வாரங்கள் தொடர்ந்து வாசித்தோம். வகுப்பின் நடுவிலும், வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. ஒரே கேள்வி நான்கு பேரிடமிருந்து நான்கு விதமாக வந்திருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பதில்கள் வகுப்பை நடத்தியவன் என்ற முறையில் நான் சொன்னவை. சிலவற்றை வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தபின் திருத்தியும் இருக்கிறேன்.

அந்த அதிகாரங்களை வாசிக்காதவர்களுக்கு நிகழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மோசே இறந்தபின், யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் சித்தீமிலிருந்து புறப்பட்டு யோர்தானின் கிழக்குக் கரைக்கு வந்து தங்கினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மதில் சூழ்ந்த எரிகோ இருந்தது. மூன்று நாள் கழித்து அதிபதிகள் பாளயம் முழுவதும் சுற்றிவந்து, பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைச் சுமக்கும் ஆசாரியரைப் பின்தொடர வேண்டும் என்றும், பெட்டிக்கும் ஜனங்களுக்கும் நடுவே 2000 முழம், அதாவது ஏறக்குறைய 900 மீட்டர், இடைவெளி விட வேண்டும் என்றும் அறிவித்தார்கள். ஆசாரியரின் கால்கள் தண்ணீரின் ஓரத்தில் பட்டபோது, மேலிருந்து வந்த நீர் வெகு தொலைவில் ஆதாம் என்னும் ஊரருகே குவியலாக நின்றது. உப்புக்கடலை, அதாவது சாக்கடலை, நோக்கி ஓடிக்கொண்டிருந்த நீர் வடிந்துபோயிற்று. ஜனங்கள் எரிகோவுக்கு எதிரே கடந்து, முதல் மாதம் பத்தாம் தேதி கில்காலில் பாளயமிறங்கினார்கள்.

எருசலேம் யாத்திரை போய் வந்தவர்கள் யோர்தான் ஒரு வாய்க்கால் அளவுதான் இருக்கிறது என்கிறார்களே? அது அவ்வளவு பெரிய தடையா?

இன்று போகிறவர்கள் பார்ப்பது மிச்சமிருக்கும் யோர்தானை. இருபதாம் நூற்றாண்டில் இஸ்ரேல், ஜோர்தான், சிரியா ஆகிய நாடுகள் குடிநீருக்கும் பாசனத்துக்கும் அந்த ஆற்றின் நீரையும் அதன் கிளையாறுகளின் நீரையும் திருப்பிவிட்டதால், எரிகோவின் பக்கத்தில் அது மெலிந்து கலங்கிய ஓடையாகிவிட்டது. யோசுவாவின் காலத்தில் அப்படி இல்லை. மேலும் அவர்கள் வந்து நின்ற காலம் அறுப்புக்காலம். நம் ஊரில் அறுப்பு என்றவுடன் தை மாதத்து வற்றிய வயல்தான் நினைவுக்கு வரும். அங்கேயோ வாற்கோதுமை அறுக்கும் இளவேனில் மாதங்களில்தான் 2814 மீட்டர் உயரமுள்ள எர்மோன் மலையின் பனி உருகி ஆற்றில் சேரும். அறுப்புக்காலம் முழுவதும் யோர்தான் கரைபுரண்டு ஓடும் என்று வசனமே எடுத்துச் சொல்கிறது. கரையை ஒட்டிய புதர்க்காடு முழுவதும் நீருக்குள் போய்விட்டால், ஆற்றின் விளிம்பு எது, ஆழம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தினமும் இறங்கிக் குளித்த படித்துறைதான். எத்தனையாவது படியில் பாசி வழுக்கும் என்றுகூட நமக்குத் தெரியும். ஆனாலும் அன்று செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போன நீருக்குள் முதல் படி எது என்று யாராலும் காட்ட முடியவில்லை. அப்படிப்பட்ட ஆற்றை, குழந்தைகளும் முதியவர்களும் ஆடுமாடுகளுமாக, பாலமும் படகும் இல்லாமல் கடக்க வேண்டும் என்றால் எப்படி இருந்திருக்கும்? கடந்து போய்ச் சேரும் இடத்தில் வரவேற்பவர்களும் இல்லை. அவர்களுடைய வேவுகாரரை ஒளித்து வைத்த ராகாப் என்ற ஒரு பெண்ணைத் தவிர அந்த நகரத்தில் அவர்களுக்கு வேண்டியவர் ஒருவரும் இல்லை.

செங்கடலில் வழி திறந்தபின்தானே நடந்தார்கள்? இங்கே மட்டும் ஏன் முதலில் தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருந்தது?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. யாத்திராகமத்தில் இராமுழுவதும் பலத்த கீழ்க்காற்று வீசி, கடல் பிளந்து, தரை தெரிந்தபின் ஜனங்கள் இறங்கினார்கள். அன்று அவர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்கள். பின்னால் பார்வோனின் இரதங்கள் துரத்திக்கொண்டு வந்தன. முன்னே போவதைத் தவிர வேறு வழி இல்லை. யோர்தானிலோ துரத்துகிறவர் யாரும் இல்லை. கிழக்குக் கரையில் இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்பது போன்ற நிலைமை. ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் அந்தக் கரையிலேயே நிலத்தைச் சுதந்தரமாகப் பெற்று, பெண்டுபிள்ளைகளைக் குடியேற்றியும் ஆயிற்று.

நம்மில் பெரும்பாலோருடைய நிலைமை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். ஆபத்து துரத்தும்போது ஓடுவதற்கு அதிக விசுவாசம் தேவைப்படுவதில்லை. துரத்தல் எதுவும் இல்லாமல், இருந்த இடத்திலேயே இருந்துவிடலாம் என்ற வசதியும் இருக்கும்போது, சொல்லப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக எழுந்து நடப்பது வேறு விஷயம். நாற்பது வருடம் வனாந்தரத்தில் தேவன் தந்த மன்னா என்னும் உணவைத் தின்று வளர்ந்த தலைமுறையிடம் தேவன் எதிர்பார்த்தது அதைத்தான்.

ஆதாம் என்ற ஊர் எங்கே இருக்கிறது? அங்கே நீர் நின்றதை அவர்கள் பார்த்தார்களா?

பார்த்திருக்க முடியாது. ஆய்வாளர்கள் ஆதாம் என்று அடையாளம் காட்டும் தாமியா மேடு, எரிகோவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், யப்போக்கு ஆறு யோர்தானில் கலக்கும் இடத்தருகே இருக்கிறது. அவ்விடத்தில் ஆற்றின் இரு பக்கமும் உயர்ந்த களிமண் கரைகள். அவை சரிந்து ஆற்றை அடைப்பதும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அப்படி ஒரு சரிவு யோர்தானைச் சில மணி நேரம் முற்றிலும் தடுத்து நிறுத்தியதை அரபு வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால் அது அற்புதம் இல்லையே என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். மண் சரிந்து நின்றதா, வேறு விதமாக நின்றதா என்று வேதம் சொல்லவில்லை. செங்கடலில் கீழ்க்காற்றைப் பயன்படுத்தியதாக வேதமே சொல்லும்போது, இங்கே களிமண்ணைப் பயன்படுத்தியிருந்தால் தேவனுடைய மகிமை எந்த விதத்திலும் குறையாது என்பது என் கருத்து. ஆசாரியரின் கால் பட்ட நேரமும் நீர் நின்ற நேரமும் ஒன்றாக அமைந்ததே, அதை யார் ஏற்பாடு செய்தார் என்பதுதான் கேள்வி.

என் மனத்தைப் பிடித்துக்கொண்டது தொலைவுதான். தடை நீங்கியது ஒரு நாள் நடைத் தொலைவில், கண்ணுக்கு எட்டாத இடத்தில். பெட்டியைச் சுமந்து நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கணுக்காலைச் சுற்றியிருந்த நீர் இறங்கியது மட்டுமே. ஆதாமில் என்ன நடக்கிறது என்று ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு வந்து கால் வைக்கலாம் என்று அவர்கள் இருந்திருந்தால், போன ஆள் திரும்பி வர இரண்டு நாள் ஆகியிருக்கும்.

என்னுடைய அடுத்த அடி எது என்று நான் எப்படி அறிவது? எனக்கு அப்படி எந்தச் சத்தமும் கேட்கவில்லையே?

புது வருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் 'புறப்படு' என்று வந்தது, ஆகவே வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அட்டை எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆனால் குடும்பத்தின் பிழைப்பை மாற்றும் முடிவை அந்த அட்டையின் தலையில் வைக்கக் கூடாது. நியாயாதிபதிகளில் ஒருவரான கிதியோன் ஆட்டுத்தோலை வைத்து அடையாளம் கேட்டது, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் அல்ல. தெரிந்த பிறகும் தயக்கம் தீராததால்தான். நாம் கேட்கும் அடையாளங்களில் பாதி அப்படிப்பட்டவை.

அடுத்த அடி பெரும்பாலும் சிறியதாகவும், முன்பே தெரிந்ததாகவும், கொஞ்சம் சலிப்பூட்டுவதாகவும் இருக்கும். எங்கள் சபையில் ஒரு சகோதரி கணவரைத் திடீரென்று இழந்தார். இரண்டு பிள்ளைகள், மகளிர் குழுவில் வாங்கிய கடன், வாடகை வீடு. எதிர்காலம் முழுவதற்கும் ஒரு வழியைக் காட்டும்படி இரவெல்லாம் ஜெபித்ததாகச் சொன்னார். வழி எதுவும் தெரியவில்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது, அதைத்தான் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுவைப் போட்டால் கணவர் இறந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற தவிப்பு. ஒரு திங்கட்கிழமை காலை மஞ்சப்பையில் இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஆதார் அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனார். அங்கே வரிசையில் நின்ற நாற்பது நிமிடத்தில் மூன்று தடவை திரும்பிவிட நினைத்ததாக என்னிடம் சொன்னார். அன்று அவர் வைத்த அடி அவ்வளவுதான்; மற்றவை ஒவ்வொன்றாகப் பிறகு வந்தன, சில இன்னும் வரவில்லை.

வசனம் கால்களுக்குத் தீபம் என்று சங்கீதக்காரன் பாடியது அகல் விளக்குக் காலத்தில். அந்த வெளிச்சத்தில் இரண்டடிக்கு மேல் தெரியாது.

விசுவாசம் இருந்தால் கணக்குப் பார்க்கக் கூடாது என்கிறார்களே?

யார் சொன்னாலும் அது தவறு. அனுதினமும் மன்னா விழுந்துகொண்டிருந்த பாளயத்தில்தான், வழிக்குச் சாப்பாடு ஆயத்தம்பண்ணுங்கள் என்று யோசுவா கட்டளையிட்டார். எரிகோவுக்கு வேவுகாரரையும் அனுப்பினார். கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். கட்டட நிதிக்காக வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டு அதை விசுவாச அடி என்று பெயர் சூட்டுவதும், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாட்சியாகச் சொல்வதும் தண்ணீரில் கால் வைப்பது ஆகாது. ஆசாரியர் தாங்களாக நாளைக் குறித்துக்கொண்டு ஆற்றில் குதிக்கவில்லை. சொல்லப்பட்ட நாளில், சொல்லப்பட்ட இடத்தில், சொல்லப்பட்ட வரிசையில் இறங்கினார்கள்.

தேவனை நம்பிக் கால் வைத்தும் தோற்றுப்போனவர்கள் இருக்கிறார்களே? அவர்களுக்கு என்ன பதில்?

இரண்டு விதமான தோல்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, யோர்தானுக்கு ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முன் நடந்தது. காதேசிலிருந்து அனுப்பப்பட்ட பன்னிரண்டு வேவுகாரரில் பத்துப் பேர், இராட்சதரான ஏனாக்கின் புத்திரருக்கு முன் நாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல் இருந்தோம் என்று சொல்ல, ஜனங்கள் போக மறுத்தார்கள். தண்டனை அறிவிக்கப்பட்டதும் மனம் மாறி, மறுநாள் காலையில் இதோ போகிறோம் என்று மலையேறினார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்தை விட்டு நகரவில்லை என்று எண்ணாகமம் 14 குறித்து வைத்திருக்கிறது. அமலேக்கியரும் கானானியரும் இறங்கி வந்து அவர்களை ஓர்மாமட்டும் முறிய அடித்தார்கள். மலையேறத் துணிச்சல் இல்லாமல் இல்லை. முந்தின நாள் அது கீழ்ப்படிதலாக இருந்திருக்கும், மறுநாள் பிடிவாதமாகிவிட்டது. இந்தப் பகுதியை நாம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை.

இரண்டாவது வகை கடினமானது. சரியான அடியை வைத்தும் தண்ணீர் விலகாத சமயங்கள் உண்டு. சிலையை வணங்காவிட்டால் அக்கினிச்சூளை என்று மிரட்டப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் பாபிலோன் ராஜாவிடம், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்க மாட்டோம் என்றார்கள். அந்த 'போனாலும்' என்ற சொல்லை எழுத்தெண்ணி வாசிக்க வேண்டும். எபிரெயர் 11 ஆம் அதிகாரம் செங்கடலைக் கடந்ததையும் எரிகோவின் மதில் விழுந்ததையும் சொன்ன அதே மூச்சில், வாளால் வெட்டப்பட்டவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. இருவருக்கும் விசுவாசம் ஒன்றே, முடிவு வேறு. ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருப்பதாகச் சொல்லித் துக்க வீட்டில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

மனத்தில் பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. 'பலங்கொண்டு திடமனதாயிரு' என்று யோசுவாவின் முதல் அதிகாரத்திலேயே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது, அவர் திடமாக இருந்ததால் அல்ல.

காத்திருப்பது அவிசுவாசமா?

பெருகிய ஆற்றைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் கரையில் இருக்கச் சொன்னதும் தேவனுடைய ஒழுங்குதான். பவுலையும் நினைத்துக்கொள்ளுங்கள்: ஆசியாவில் வசனம் சொல்லத் தடை, பித்தினியாவுக்குப் போகத் தடை, துரோவாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மக்கெதோனியாவின் அழைப்பு வந்தது. ஆனால் அவர் துரோவாவரைக்கும் நடந்து வந்திருந்தார். ஆயத்தம் நடக்கும் காத்திருப்பும், ஆயத்தம் எதுவும் இல்லாத தள்ளிப்போடலும் வெளியே பார்க்க ஒன்றாகத் தெரியும். எது என்பது அவரவருக்குத் தெரியும்.

வேதத்தில் உள்ளவர்களை விட்டுவிடுங்கள். நமக்கு அருகில் யாராவது இப்படி நடந்திருக்கிறார்களா?

வேலூர் மருத்துவமனைக்குப் போகாத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில், மருத்துவ மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத் தொழிலைத் தான் செய்யப்போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்து, தாயின் உடல்நலக் குறைவினால் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வீட்டுக்குள் வருவதை அந்த மூவரும் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த இரவுக்குப் பின் அவர் முடிவெடுத்தது பெரிய மருத்துவமனை கட்டுவதற்கு அல்ல, மருத்துவம் படிப்பதற்கு. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் பெண்களுக்கான சிறு மருந்தகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டிய தந்தை இறந்துபோனார். அவருடைய யோர்தான் அது என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பள்ளி வந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கும்போது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்றார்கள். முதல் ஆண்டில் 151 விண்ணப்பங்கள் வந்தன. ஆண்கள் அங்கே மாணவராகச் சேர்ந்தது 1947இல்தான்.

இந்த வரலாற்றைப் பின்னாலிருந்து படிக்கும்போது நேர்கோடாகத் தெரிகிறது. 1900இல் மருந்தகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு 1918 தெரிந்திருக்க வழியில்லை.

முதலில் கால் வைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

அதிக நேரம் நிற்கும் வேலை. முதலில் தண்ணீரில் இறங்கிய ஆசாரியர் முதலில் கரையேறவில்லை. ஆற்றின் நடுவில், பெட்டியைத் தோளில் சுமந்தபடி, ஜனங்கள் எல்லாரும் கடந்து முடியுமட்டும் நின்றார்கள். யுத்த சன்னத்தராக முன்னே போன கிழக்குக் கோத்திரத்தார் மட்டுமே ஏறக்குறைய 40,000 பேர். மற்றவர்கள், சிறுவர்கள், மந்தைகள் எல்லாம் கடக்க எத்தனை நாழிகை ஆயிற்றோ! ஜனங்கள் தீவிரித்துக் கடந்தார்கள் என்று வசனம் சொல்கிறது. நின்றவர்கள் தீவிரிக்க முடியாது. குடும்பத்தில் முதலில் படித்தவர், முதலில் வெளியூர் வேலைக்குப் போனவர், முதலில் குடியை விட்டவர் ஆகியோரைப் பார்த்திருப்பீர்கள். தம்பி தங்கைகள் எல்லாரும் கரையேறும்வரை அவர்கள் ஆற்றின் நடுவில்தான் நிற்கிறார்கள், தோளில் பாரத்தோடு. அவர்களுக்காக ஜெபிக்கிறவர்கள் குறைவு.

கடந்த பிறகு எல்லாம் எளிதாகிவிட்டதா?

இல்லை. கில்காலில் பஸ்காவை ஆசரித்து, அந்தத் தேசத்தின் தானியத்தைப் புசித்த மறுநாளே மன்னா நின்றுபோயிற்று. நாற்பது வருடம் காலையில் எழுந்து பொறுக்கிக்கொண்டவர்கள் இனி உழுது, விதைத்து, அறுக்க வேண்டும். எரிகோவின் மதில் அப்படியே இருந்தது.

ஆற்றின் நடுவிலிருந்து எடுத்து வந்த பன்னிரண்டு கற்களைக் கில்காலில் நாட்டியது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கற்கள் ஏது என்று பிள்ளைகள் கேட்கும்போது கதையைச் சொல்லுங்கள் என்பது அதன் நோக்கம். ஆனால் நாலாம் அதிகாரம் ஒன்பதாம் வசனம் இன்னும் பன்னிரண்டு கற்களைப் பற்றிச் சொல்கிறது. ஆசாரியரின் கால்கள் நின்ற இடத்தில், ஆற்றின் நடுவிலேயே, யோசுவா அவற்றை நாட்டினார். அவர்கள் கரையேறியதும் நீர் தன் இடத்துக்குத் திரும்பி, முன்போலக் கரைபுரண்டு ஓடியது.